முதலில் மழை, பிறகு பசளை: உலர் வலயத்தில் சோளன் செய்கை

"அகல உழுவதிலும் ஆழ உழு" என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழி. ஆழமான வண்டல் மண்ணுக்கும் நெல் வயலுக்கும் அது பொருத்தமான அறிவுரைதான். ஆனால் மழையை மட்டும் நம்பிச் சோளன் போடும் மேட்டுநிலக் கமக்காரர் ஒருவர் அதை அப்படியே பின்பற்றினால் நன்மையை விடத் தீமையே கூடுதலாக விளையும். "பசளை கூடினால் விளைச்சல் கூடும்" என்ற நம்பிக்கையும் அவ்வாறானதே. மண்ணில் ஈரம் இருக்கும்போது அது உண்மை. ஈரம் இல்லாதபோது பசளைக்குக் கொடுத்த பணம் மண்ணோடு போகிறது, கடன் மட்டும் வீட்டில் நிற்கிறது.

வடக்கில் சோளம் என்றும் கிழக்கில் சோளன் என்றும் நாம் அழைக்கும் இப்பயிர், இன்று அநுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை, மட்டக்களப்பு மாவட்டங்களில் பல்லாயிரம் சிறு குடும்பங்களின் பெரும்போக வருமானமாக உள்ளது. விளைச்சலின் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்கும், ஒரு பகுதி திரிபோஷா போன்ற சத்துணவுக்கும் செல்கிறது. இக்குடும்பங்களிற் பல, விதையையும் பசளையையும் வியாபாரியிடம் கடனாகப் பெற்று, அறுவடையை அவர் சொல்லும் விலைக்கே கொடுத்துக் கடனைத் தீர்க்கின்றன. எனவே நிலத்தை எப்படிப் பண்படுத்துவது, பசளையை எப்போது இடுவது என்ற கேள்விகள் அந்தக் குடும்பத்தின் அடுத்த ஆண்டுச் சாப்பாட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் தொட்டு நிற்கின்றன.

இக்கட்டுரை வலியுறுத்துவது ஒன்றே: மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் வேலையை முதலில் செய்யுங்கள், பசளையைப் பின்னர், மண்ணில் உள்ள ஈரத்தைப் பார்த்து, சிறிது சிறிதாக இடுங்கள்.

நம் மண்ணின் குணம்

உலர் வலயம் என்பது ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பகுதி. இந்த அளவைக் கேட்டால் அது வறண்ட நாடு போலத் தோன்றாது. ஆனால் அந்த மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான சில மாதங்களிலேயே, அதுவும் சில பெருமழைகளாகக் கொட்டித் தீர்க்கிறது. இரு மழைகளுக்கு இடையில் இரண்டு வாரம் வெயில் எறித்தாலும் வியப்பில்லை.

இங்குள்ள மேட்டுநிலங்களின் முக்கிய மண் செங்கபில மண். காய்ந்தால் கல் போல் இறுகும். நனைந்தால் காலில் ஒட்டும். கலப்பைக்கு இசைந்து வரும் பதம் சில நாட்களே இருக்கும். சேதனப் பொருள் குறைவு. வெறும் மண்ணில் பெருமழை விழுந்தால் மேற்பரப்பு பூசினாற்போல் அடைபட்டு, நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். சற்றுக் கீழே பல இடங்களில் சரளைக்கல் படையும் உண்டு. மட்டக்களப்பு, அம்பாறை உட்பகுதிகளில் சுண்ணாம்பற்ற கபில மண்ணும் காணப்படுகிறது. அது மணற்பாங்கானது. நீரையும் சத்தையும் அதிக நேரம் பிடித்து வைத்திருக்காது.

இத்தகைய மண்ணை டிஸ்க் கலப்பையால் ஆழப் புரட்டும்போது ஈரம் ஆவியாகிப் போகிறது, கீழிருக்கும் சத்தற்ற மண்ணும் சரளையும் மேலே வருகின்றன. றொட்டவேற்றரால் மாவு போல் அடித்த நிலம் பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால் முதல் பெருமழையிலேயே அது அடைபட்டு இறுகிவிடும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுதால் கலப்பை ஓடும் மட்டத்துக்குக் கீழே கெட்டியான ஒரு படை உண்டாகி வேரைத் தடுக்கும்.

இன்னொரு இழப்பும் உண்டு. மண் இறுகிக் கிடப்பதால், மழை பெய்து நிலம் நனைந்து, உழவு இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் வரை விதைப்பு தள்ளிப்போகிறது. சோளன் ஒக்டோபரில் விதைக்கப்பட்டால் டிசம்பர் முற்பகுதியில் பூக்கும். விதைப்பு பிந்தும் ஒவ்வொரு வாரமும் பூக்கும் காலத்தை மழை ஓயும் நாட்களை நோக்கித் தள்ளுகிறது. பூப்பதற்கு முன்னும் பின்னுமான இரண்டு வாரங்களில் தண்ணீர் இல்லாவிட்டால் மணி பிடிக்காது. அதற்குப் பின் எத்தனை மழை பெய்தாலும், எத்தனை மூடை யூரியா இட்டாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது.

சேனைக்காரர் உழவில்லை

நம் பழைய சேனைப் பயிர்ச்செய்கையை எண்ணிப் பாருங்கள். காட்டை வெட்டி எரித்து, மழை விழுந்ததும் கூரிய தடியால் குத்திச் சோளன் விதையைப் போட்டார்கள். கலப்பை அங்கே நுழையவில்லை. இன்று "பூச்சியப் பண்படுத்தல்" என்று பெயர் சூட்டிப் பேசப்படும் முறைக்கு அது மிக நெருங்கியது. பல ஆண்டுகள் காடாகக் கிடந்த மண் பஞ்சு போல் நீரை உறிஞ்சியது. சாம்பல் பொற்றாசியத்தையும் பொஸ்பரசையும் தந்தது. இரண்டொரு போகத்தின் பின் நிலம் மீண்டும் காட்டுக்கு விடப்பட்டது.

இன்று அவ்வாறு நீண்ட காலம் விட்டுவைக்க நிலம் இல்லை. ஆண்டுதோறும் அதே நிலத்திலேயே பயிர் செய்கிறோம். நிலத்துக்கு ஓய்வு கொடுப்பதை நிறுத்தி, தாளை எரிப்பதை மட்டும் தொடர்கிறோம். சோளன் தாளை எரித்தால் அதிலுள்ள நைதரசனும் கந்தகமும் காற்றோடு போகின்றன. மண்ணைப் போர்த்த வேண்டிய போர்வையும் போகிறது.

ஓர் அங்குல மழையின் பெறுமதி

ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ ஒரு இலட்சம் லீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு வழிந்தோடினால், 33,000 லீற்றருக்கு மேல் நம் காணியை விட்டுப் போகிறது. பவுசரில் விலைக்கு வாங்குவதாயின் அதற்கு என்ன கொடுக்க வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடலாம். ஓடும் நீர் வெறுங்கையோடும் போவதில்லை. மேல்மண்ணையும், முதல் வாரம் தூவிய பசளையையும் கூடவே எடுத்துச் செல்கிறது.

சோளனுக்கு விதைப்பிலிருந்து அறுவடை வரை 500 முதல் 800 மில்லிமீற்றர் நீர் தேவை. வழிந்தோடுவதை மறித்தால் நம் பெரும்போக மழையில் அந்தத் தேவையை நிறைவு செய்ய வாய்ப்புண்டு. அதற்கான வழிகள் சில:

1. தாளை எரிக்காது பரப்புதல். அறுவடைக்குப் பின் தாள், களை, கிளிசரியா இலை ஆகியவற்றை மண்ணின் மேல் மூடுபடையாக விடுங்கள். மழைத்துளி நேரே மண்ணை அடிக்காது, வெயில் ஈரத்தைக் குடிக்காது, களையும் குறையும்.

2. விதைக்கும் வரியை மட்டும் பண்படுத்தல். நிலம் முழுவதையும் புரட்டாமல் இரண்டு அடிக்கு ஒரு வரி வீதம் மண்வெட்டியாலோ பற்கள் கொண்ட கலப்பையாலோ கிளறினால் போதும். உழவுக்கூலியும் குறையும், முதல் நல்ல மழையோடு விதைக்கவும் முடியும்.

3. சரிவுக்குக் குறுக்கே வேலை செய்தல். மேலிருந்து கீழாக உழும் ஒவ்வொரு சாலும் தண்ணீருக்கு நாம் வெட்டிக் கொடுக்கும் வாய்க்கால். ஒரே நீளமான இரண்டு தடிகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குத் தடியும், உச்சியிலிருந்து கல் கட்டிய ஒரு நூலும் தொங்கவிட்டால் சமவுயரக் கோட்டை நாமே குறிக்கலாம். நூல் குறுக்குத் தடியின் நடுவில் நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன.

4. சாலுக்குக் குறுக்கணை. வரம்பும் சாலுமாக அமைத்து, சாலில் சில அடிகளுக்கு ஒரு சிறு மண் அணை போட்டால் மழைநீர் நின்று இறங்கும். ஆனால் சோளன் வேரில் நீர் தேங்குவதைத் தாங்காது. நவம்பர், டிசம்பர் அடைமழையில் இந்த அணைகளைத் திறந்துவிட ஆள் வேண்டும். பள்ளமான, நீர் தேங்கும் நிலத்துக்கு இம்முறை பொருந்தாது.

சிம்பாப்வேயின் குழிகள்

இவ்வழிகள் நமக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். சோளனே அன்றாட உணவாக உள்ள தென் ஆபிரிக்கப் பிராந்தியத்தில், நம்மை விடக் குறைந்த மழையில் வாழும் மக்கள் இவற்றைப் பரந்த அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே கிறிஸ்தவ ஊழியம் ஒன்றின் பங்கும் பெரியது. 1980களில் சிம்பாப்வேயில் பிரையன் ஓல்ட்ரீவ் என்ற பண்ணை முகாமையாளர், நட்டத்தில் ஓடிய பண்ணையில் உழவை நிறுத்தி, தாளை மண்ணின் மேல் விட்டு, சிறு குழிகளில் விதைக்கும் முறையைக் கைக்கொண்டார். மூடுபடையை அவரைப் பின்பற்றியோர் "கடவுளின் போர்வை" என்று அழைத்தனர். அம்முறை திருச்சபைகள் வழியாகச் சிறு கமக்காரருக்குக் கற்பிக்கப்பட்டு, 2020இல் நாடளாவிய அரச திட்டமாகவும் ஆனது.

அத்திட்டத்தின் கணக்கு எளிமையானது. 39 மீற்றர் நீளம், 16 மீற்றர் அகலம் கொண்ட ஒரு துண்டில் 52 வரிகள்; வரிக்கு 28 குழிகள்; மொத்தம் 1,456 குழிகள். ஆண்டுக்கு 52 வாரங்கள் அல்லவா? ஒரு வரி ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரச் சாப்பாடு என்பது நோக்கம். குழிகளை வெயில் காலத்திலேயே வெட்டி, எருவிட்டுத் தயாராக வைத்து, மழை வந்தவுடன் விதைக்கிறார்கள். பெரிய நிலத்தைக் குறையாகச் செய்வதை விடச் சிறிய நிலத்தை நிறைவாகச் செய் என்பதே அதன் சாரம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அங்குள்ள மக்கள் இம்முறைக்கு "தோண்டு, உண்" என்ற பொருள்படும் பெயரை வைத்திருந்தனர். சிலர் அதையே சற்று மாற்றி "தோண்டு, சாவு" என்று கேலி செய்தனர். குழி வெட்டும் பாரம் பெரும்பாலும் பெண்களின் தோளில் விழுந்தது. மாடு மேயும் ஊரில் தாளைக் காப்பாற்றுவதும் கடினமாயிற்று. நம்மிடமும் இதே பிரச்சினைகள் உண்டு. படுவான்கரையில் அறுவடை முடிந்த நிலம் கட்டாக்காலி மாடுகளுக்குத் திறந்துவிடப்படுவது வழக்கம். ஒருவர் தனியே தாளைக் காக்க முடியாது. ஊரார் கூடி மேய்ச்சலுக்கு ஓர் ஒழுங்கு செய்தாலன்றி மூடுபடை பேச்சளவிலேயே நிற்கும். ஆள்பலம் இல்லாத குடும்பம் ஏக்கர் முழுவதும் குழி வெட்ட முனையவும் வேண்டாம். 20 பேர்ச்சில் தொடங்கினால் போதும்.

பசளைக் கணக்கு

இனிப் பசளைக்கு வருவோம். யூரியாவில் நூற்றுக்கு 46 வீதம் நைதரசன் உண்டு. எனவே 50 கிலோ மூடையில் இருப்பது 23 கிலோ. சோளன் மணி 1,000 கிலோ காணியை விட்டு வெளியே போகும்போது ஏறத்தாழ 15 கிலோ நைதரசனையும் கொண்டு போகிறது. அதாவது ஏக்கருக்கு 1,500 கிலோ எடுத்தால், ஒரு மூடை யூரியாவில் உள்ள அளவு நைதரசன் மணியோடு போய்விடுகிறது. தாளையும் எரித்தால் இழப்பு இன்னும் கூடும்.

ஆனால் நாம் இடும் யூரியா முழுவதும் பயிருக்குச் சேர்வதில்லை. பெரும்பாலும் பாதி கூடச் சேர்வதில்லை. ஈரமான சூட்டு மண்ணின் மேல் தூவிவிட்டால் சில நாட்களில் அமோனியா வாயுவாக எழுந்து போகும். அடைமழைக்கு முன் இட்டால் கரைந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். வறண்ட மண்ணில் இட்டால் வேர் அதை எடுக்க முடியாது. முதலிலேயே அதிகம் இட்டால் பயிர் தழைத்து இலையை விரித்து, மண்ணில் உள்ள ஈரத்தை விரைவில் குடித்துவிட்டு, பூக்கும் நேரத்தில் வாடி நிற்கும்.

ஆகவே பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்:

அடிக்கட்டுப் பசளை: பொஸ்பரசு தரும் ரி.எஸ்.பி.யையும் பொற்றாசியம் தரும் எம்.ஓ.பி.யையும் சிறிதளவு யூரியாவுடன் விதைப்பின்போதே மண்ணுக்குள் இடவேண்டும். இவை விதையைத் தொடக் கூடாது. இரண்டு அங்குலம் தள்ளி, மண்ணால் மூட வேண்டும். யூரியா விதையில் பட்டால் முளை கருகும்.

மேற்கட்டுப் பசளை: யூரியாவின் பெரும்பகுதி நாலாம் வாரமளவில், பயிர் முழங்கால் உயரம் வரும்போது இடப்படுவது. அதற்கு முன் பயிரின் தேவை மிகச் சிறிது. மணற்பாங்கான நிலத்தில் இதையும் இரண்டாகப் பிரித்து, இரண்டாவதைப் பூக்குஞ்சம் வெளிவருமுன் இடுவது நல்லது. முதலில் களை பிடுங்குங்கள். அல்லாவிடில் உங்கள் காசில் களை வளரும். அடியில் இருந்து ஒரு கையகலம் தள்ளிச் சிறு குழி கிளறி இட்டு மூடுங்கள்.

நாலாம் வாரத்தில் மண் காய்ந்து கிடந்தால் யூரியா மூடையை அவிழ்க்க வேண்டாம். மழைக்குக் காத்திருங்கள். மழை வரவே இல்லையெனில் அந்த மூடை வீட்டில் பத்திரமாக இருக்கும். அது அடுத்த போகத்துக்கு உதவும். குறைந்தபட்சம் கடன் ஏறாது. மழையைப் பொறுத்து முடிவெடுக்கும் இந்தச் சுதந்திரமே பசளையைப் பிரித்து இடுவதன் பெரிய நன்மை.

அளவைப் பொறுத்தவரை, விவசாயத் திணைக்களத்தின் பரிந்துரையை உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அறியுங்கள். முழு அளவு வாங்க வசதி இல்லாதோர் மனம் தளர வேண்டியதில்லை. சிம்பாப்வேயின் வறண்ட பகுதிகளில் இக்ரிசாற் ஆய்வு நிறுவனம் 2003ஆம் ஆண்டின் பின் ஒரு சிறு வழியைப் பரப்பியது. போத்தல் மூடி ஒன்று நிறைய நைதரசன் பசளையை மூன்று பயிருக்குப் பங்கிட்டு, அடியில் இட்டு மூடுவதே அது. ஹெக்டயருக்கு ஏறத்தாழ 17 கிலோ நைதரசன், அதாவது அங்குள்ள பரிந்துரையின் மூன்றிலொரு பங்குதான். எனினும் விளைச்சல் நூற்றுக்கு 30 முதல் 50 வீதம் வரை கூடியது. நம் நிலத்தில் இரண்டு அடிக்கு ஓர் அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 22,000 பயிர் நிற்கும். மூடி ஒன்றில் 4 கிராம் பிடிக்கும் என்று கொண்டால் முப்பது கிலோ யூரியா போதும். ஆயினும் நூறு மூடி யூரியாவை ஒருமுறை தராசில் நிறுத்துச் சரியான அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பயிரும் தன் குறையைச் சொல்லும். கீழ் இலையின் நுனியிலிருந்து நடு நரம்பு வழியே மஞ்சள் பரவினால் நைதரசன் குறைவு. கீழ் இலையின் ஓரம் கருகினால் பொற்றாசியம் குறைவு. இளம் பயிர் ஊதா நிறம் காட்டினால் பொஸ்பரசு குறைவாக இருக்கலாம்.

2021 தந்த பாடம்

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டபோதிலும், பெரும்போக விதைப்பு நடந்துவிட்டது. அந்தப் போகத்தில் நெல்லும் சோளனும் பெரிதும் வீழ்ந்தன. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் அமிழ்ந்தபோது, பசளை கிடைத்த இடத்திலும் ஏழைக் கமக்காரர் கைக்கு எட்டாத விலையாயிற்று.

சேதனப் பசளை வேண்டாம் என்பது இதன் பாடமாகாது. கணக்கைப் பாருங்கள். ஒரு மூடை யூரியாவில் உள்ள நைதரசனைப் பச்சைக் கிளிசரியா இலையில் பெற ஏறத்தாழ 3 தொன் இலை வேண்டும். மாட்டெருவில் பெற நாலைந்து தொன் வேண்டும். ஒரே போகத்தில் யாராலும் அத்தனையும் சேர்க்க முடியாது. வேலியிலும் வரம்பிலும் ஆண்டுக்கு ஆண்டு கிளிசரியா நட்டு, எருவைச் சேர்த்து, கௌபி, பயறு போன்றவற்றை ஊடுபயிராகவோ மாற்றுப் பயிராகவோ போட்டு வந்தால், மண் மெல்ல மெல்லத் தேறும். நீரைப் பிடிக்கும் மண்ணில்தான் குறைந்த யூரியா கூடுதல் பலன் தரும். சேதனப் பசளையும் யூரியாவும் ஒன்றுக்கொன்று பகையாளிகள் அல்ல. ஏழையின் காணியில் இரண்டும் தோளோடு தோள் நிற்க வேண்டியவை.

மண்ணையும் நீரையும் பேணுவதால் மற்ற இடர்கள் நீங்கிவிடும் என்றும் எவரும் எண்ணக் கூடாது. 2018இல் நம் நாட்டில் முதலில் காணப்பட்ட சேனாப் படைப்புழுவும், யானைகளும் இன்னும் நம்மோடு இருக்கின்றன. ஆனால் ஊரார் ஒரே காலத்தில், முதல் மழையோடு விதைத்தால், காவலுக்கும் புழு பார்ப்பதற்கும் ஒருவருக்கொருவர் துணையாகலாம்.

இந்தப் போகத்தில் என்ன செய்யலாம்?

முழுக் காணியையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். 20 பேர்ச் அளவில் ஒரு துண்டைப் பிரித்தெடுங்கள். ஆடி, ஆவணியில் தாளையும் குப்பையையும் எரிக்காது சேர்த்து, வேலியைச் சீர்செய்யுங்கள். புரட்டாதியில் வரிகளைக் கிளறி அல்லது குழிகளை வெட்டி எருவிடுங்கள். மழை விழுந்து மண் ஒரு சாண் ஆழம் நனைந்ததும் விதையுங்கள். இரண்டாம், நாலாம் வாரங்களில் களை எடுங்கள். பசளையை மேலே சொன்னபடி மூடிக் கணக்கில், மண்ணுக்குள் இடுங்கள். நேரான பக்கங்கள் கொண்ட தகரப்பேணி ஒன்றை முற்றத்தில் வைத்து, ஒவ்வொரு மழைக்கும் அதில் நின்ற நீரை அடிமட்டத்தால் அளந்து, நாட்காட்டியில் எழுதிவாருங்கள்.

அறுவடையின்போது அந்த 20 பேர்ச்சின் மணியையும், வழக்கம்போல் செய்த நிலத்தில் அதே அளவு துண்டின் மணியையும் தனித்தனியே நிறுங்கள். உழவுக்கூலி, பசளை, ஆள்கூலி, வீட்டுப் பெண்களின் உழைப்பு யாவற்றையும் எழுதிக் கழியுங்கள். எது கூடுதல் மணி தந்தது என்பதை விட, எது கடன் போகக் கூடுதல் காசு தந்தது என்று பாருங்கள். பிறகு அந்தத் தாளோடு உங்கள் கமநல சேவை நிலையத்துக்கோ பங்கின் கமக்காரர் குழுவுக்கோ சென்று மற்றவர்களின் கணக்கோடு ஒப்பிடுங்கள். பத்துக் குடும்பம் இப்படி எழுதி வைத்த கணக்கு, அடுத்த ஆண்டு வியாபாரி பசளை மூடையை நீட்டும்போது, எத்தனை வேண்டும் என்று நீங்களே சொல்லும் துணிவைத் தரும்.